முதல் நாளுக்குத் திரும்பிய கார்

1983 டிசம்பர் 14. ஹர்பால் சிங் என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரிடம் முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுக்கிறார் இந்திரா காந்தி. குலுக்கலில் விழுந்த அதிர்ஷ்டம். அன்று சஞ்சய் காந்தியின் பிறந்தநாள். சின்ன கார் கனவைக் கண்டவர் அவர், ஆனால் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. உள்ளே சுசுகியின் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அம்பாசடர் ஓட்டிப் பழகிய கைகளுக்குப் பொம்மை மாதிரி இருந்திருக்கும்.

ஹர்பால் சிங் அதை விற்கவே இல்லை. 2010-இல் அவர் இறந்த பிறகு கார் வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடித்தது. அந்தப் படங்கள் இணையத்தில் சுற்றின. கடைசியில் மாருதி நிறுவனமே அதைச் சீரமைத்து, 2022-இல் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. பளிச்சென்ற வெள்ளை, அதே டிஐஏ 6479.

படத்தைப் பார்த்ததும் சந்தோஷமாத்தான் இருந்தது. அப்புறம் ஒரு உறுத்தல். கார் முதல் நாளுக்குத் திரும்பிவிட்டது, சரி. அவர் ஓட்டிய வருஷங்கள் எங்கே? எங்கள் தொழிலில் பழைய வெர்ஷனுக்குத் திரும்பினாலும் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு அழியாது. பெயிண்டுக்கு அந்த ஞாபகம் கிடையாது.

இந்த இடத்தில் தீசியஸின் கப்பலை இழுத்துவருவது வழக்கம். எல்லாப் பலகையையும் மாற்றினால் அது அதே கப்பலா? அதே கார்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். யாருடைய கார் என்பதுதான் என் கேள்வி. செய்தவர்களுடையதா, ஓட்டியவருடையதா? ஆனால் துருவும் அவருடையதில்லையே, அவர் போன பிறகு வந்ததுதானே. மக்கட்டும் என்று விடுவதை மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதெல்லாம் சும்மா யோசித்ததில்லை. அப்பாவின் 1996 மாடல் 800 இப்போது டிங்கர் பட்டறையில் நிற்கிறது. பின்கதவில் ஒரு ஒடுக்கு. பதினேழு வயதில், சொல்லாமல் எடுத்து, ரிவர்ஸில் கேட் தூணில் இடித்தேன். அப்பா திட்டவில்லை. கடைசிவரை அதைச் சரிசெய்யவும் இல்லை. காசில்லாமலா, இல்லை மன்னித்ததற்கு அடையாளமாகவா? கேட்க இனி அவர் இல்லை.

“அதை மட்டும் அப்படியே விட்ருங்கண்ணே” என்றேன்.

டிங்கர் ஒடுக்குக்குள் விரலால் சுரண்டினார். செம்மண் மாதிரி உதிர்ந்தது. “துரு ஆரம்பிச்சதே இங்கதான் தம்பி. தட்டி எடுத்துப் பட்டி பார்க்கலைன்னா கதவே போயிரும்.”

ரெண்டு வாரமாகிறது. நேற்றும் போன் பண்ணினார். நான் எடுக்கவில்லை.