நோய் யார் குற்றம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனை வழியிற் கண்ட சீடர்கள், இவன் இவ்வாறு பிறந்தது தன் பாவத்தினாலோ, பெற்றோரின் பாவத்தினாலோ என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்திலே காண்கிறோம். ஆண்டவர் இரண்டையுமே மறுத்துவிட்டார். மறுத்ததோடு நில்லாமல், சேறு உண்டாக்கி அவனுடைய கண்களிற் பூசி, அவனைக் கழுவிவர அனுப்பினார்.

அன்பான வாசகர்களே, சீடர்களின் அந்தக் கேள்வி எம்மைவிட்டுப் போய்விட்டதென்று எண்ணாதீர்கள். அயலில் ஒருவருக்கு மாரடைப்பு என்றோ பாரிசவாதம் என்றோ செய்தி வந்ததும் நாம் பேசிக்கொள்வதென்ன? “சீனியைக் குறைக்கச் சொல்லியும் மனுசன் கேட்கேல்லை”, “குளிசையை ஒழுங்காகப் போடேல்லை”, “எல்லாம் குடியாலை வந்தது”. பாவம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைத்தியரின் சொல்லை வைத்துக்கொண்டோம். தீர்ப்பு மட்டும் மாறவில்லை. செத்த வீட்டிலேகூட இவ்விசாரணை நடக்கிறது.

இப்பேச்சில் உண்மையே இல்லையா என்றால், உண்டு. 2004ஆம் ஆண்டில் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 52 நாடுகளில், முதன்முறையாக மாரடைப்பு வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. புகைத்தல், இரத்தக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம் முதலிய 9 காரணிகளே அபாயத்தின் ஏறக்குறைய 90 சதவீதத்தை விளக்கின. எல்லா இனத்தாருக்கும் அவை பெரும்பாலும் ஒன்றே. ஆனால் எமது தெற்காசிய நாடுகளில் அவை இளமையிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன. இங்கே மாரடைப்பு வந்தவர்களிற் பாதிப்பேர் 53 வயதுக்குள்ளேயே அதற்கு ஆளாகியிருந்தனர். ஏனைய நாடுகளில் அந்த எல்லை 59 வயதளவில் இருந்தது. பிள்ளைகள் படிப்பு முடிக்காத வயது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, உடலைப் பேணுவது மனச்சாட்சிக்குரிய விடயந்தான். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் அதனை ஐந்தாம் கட்டளையின் கீழேயே வைத்துப் பேசுகிறது. உடல்நலம் இறைவன் எம்மிடம் ஒப்படைத்த கொடை என்கிறது. அதே இடத்திலேயே, நல்ல உணவும் வீடும் வைத்தியமும் மக்களுக்குக் கிடைக்கச் சமூகம் துணைநிற்க வேண்டும் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. முதற் பகுதியை நோயாளிக்கு ஓதுகிற நாம் இரண்டாம் பகுதியை மறந்துவிடுகிறோம்.

ஒருவனுடைய பழக்கம் எங்கிருந்து வருகிறது? 1960களின் நடுப்பகுதியில் ஜப்பானிய இனத்து ஆண்களை மூன்று இடங்களில் வைத்து ஆராய்ந்தார்கள். ஜப்பானில் இருந்தவர்களிடம் மாரடைப்பு மிகக் குறைவு. ஹவாயில் குடியேறியவர்களிடம் அதிகம். கலிபோர்னியாவில் வாழ்ந்தவர்களிடம் இன்னும் அதிகம். இரத்தம் ஒன்றுதான். மாறியது வாழ்க்கை.

1967இல் இலண்டனில் தொடங்கிய ‘வைற்ஹோல்’ ஆய்வு இன்னும் கூர்மையானது. ஆராயப்பட்ட யாவரும் அரசாங்க ஊழியர். இலவச வைத்தியமும் எல்லோருக்கும் இருந்தது. ஆயினும், மேலதிகாரிகளைவிட, வாசல் காப்போர், கடிதம் கொண்டுசெல்வோர் போன்ற கடைநிலை ஊழியர் இதயநோயால் இறந்தது மூன்று மடங்குக்கும் மேல். புகைத்தலையும் இரத்த அழுத்தத்தையும் கணக்கிற் சேர்த்துப் பார்த்த பின்னரும் அவ்வித்தியாசத்தின் பெரும்பகுதி விளங்காமலே நின்றது. மேலிருப்பவனின் சொல்லுக்கு நாள் முழுதும் காத்துநிற்கும் வாழ்க்கையும் இதயத்தைத் தாக்கும் என்பதே, அவ்வாய்வை முன்னெடுத்த மைக்கல் மாமட் போன்றோரின் முடிவு. அப்படியானால், அந்த வாசல் காப்பவனைப் பார்த்து “நீயே தேடிக்கொண்டாய்” என்று சொல்ல எமக்கு எவ்வளவு உரிமை உண்டு?

இதை எம் அடுக்களைக்குக் கொண்டுவருவோம். அப்பாவுக்குப் பிரஷர் என்றதும் அவருக்கு மட்டும் ஒரு சட்டியிலே உப்பில்லாத கறி. மற்றவர்களுக்குக் கருவாட்டுக் குழம்பு, பொரித்த அப்பளம், ஊறுகாய். தண்டனை பெற்ற பிள்ளையைப்போல அவர் ஒரு மூலையில் உண்கிறார். பிறகு கடையில் ஒளித்துச் சாப்பிடுகிறார் என்று குறைகூறுகிறோம். உலக சுகாதார நிறுவனமோ நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்கிறது. அது நோயாளிக்கு மட்டுமன்று, வளர்ந்தவர் எல்லோருக்கும் பொருந்தும் அளவு. ஒரே சட்டியிற் சமைத்தால் என்ன?

தாய்மாரின் நிலை இதைவிட மோசம். கணவரின் கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருப்பவர், தமக்குரிய கிளினிக் நாளைச் சமையலுக்கும் பேரப்பிள்ளைக்கும் விட்டுக்கொடுத்துவிடுகிறார். இதைத் தியாகம் என்று வீட்டார் புகழ்கிறார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடிப்பதில்லை. தியாகம் என்பது தானே விரும்பிக் கொடுப்பது; இங்கே அவரிடம் ஒருவரும் கேட்பதேயில்லை.

துன்பம் சிலுவையல்லவா, மருந்தெதற்கு என்று கேட்கும் பக்திமான்களும் எம்மிடையே உண்டு. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பரில் வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கைக்கொள்வது கடமை என்றும், பெரும் பாரமான வழிகளுக்கு அக்கட்டாயம் இல்லை என்றும் விளக்கினார். எது சாதாரணம் என்பது ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்தது என்பதும் அவர் சொன்னதே. ஓய்வூதியம் பெறும் ஆசிரியருக்கு, அரசாங்க வைத்தியசாலையிற் காசின்றிக் கிடைக்கும் குளிசை மிகச் சாதாரணம். அதே குளிசைக்காகத் தோட்டத்துத் தொழிலாளி ஒரு நாட்சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்கும் காசு தேடவேண்டும். அவர் இரண்டு மாதம் போகாமல் இருந்துவிட்டால், அலட்சியம் என்று எழுதுவதா? அந்த ஒரு நாட்கூலியையும் பஸ் காசையும் ஒரு பங்கினால் ஏற்கமுடியாதா? பங்குச் சபைக் கூட்டங்களில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கணக்குப் பார்க்கும்போது, இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.