கடைசிக் கை

ஒரு குழந்தைக்கு நஞ்சு போயிருந்தால், கொடுத்தது யார் என்று கேட்பதுதான் வழக்கம். கொடுத்தவள் தாய், கொடுத்தது முலைப்பால், அதுவும் அவள் அறியாமலே என்றால் அந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

1980களின் பிற்பகுதியில் கியூபெக்கைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் எரிக் டெவாயி, தாய்ப்பாலில் பீ.சீ.பீ. எனும் இரசாயனத்தின் அளவை ஆராய்ந்துகொண்டிருந்தார். தொழிற்சாலைகளே இல்லாத வடகோடி நுனாவிக்கில் வாழும் இனுயிற் தாய்மாரின் பால் சுத்தமாயிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பது எதிர்பார்ப்பு. வந்த முடிவோ தலைகீழ். தென் கியூபெக் தாய்மாரின் பாலில் இருந்ததிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம்.

மின்மாற்றி எண்ணெய்க்கும் வேறு பலவற்றுக்குமாக 1929 முதல் தொழிற்சாலைகளில் செய்து குவித்த பொருள் அது. 1979இல் அமெரிக்கா அதன் உற்பத்தியைத் தடைசெய்தது. ஆனால் செய்தது இலேசில் அழியாது. வெப்பத்தில் ஆவியாகி, குளிரில் படிந்து, மறுபடி எழும்பி வடக்கே போய்ச் சேரும். அங்கே கடலின் நுண்ணுயிர்களிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து சீலுக்கும் பெலூகாத் திமிங்கிலத்துக்கும் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கொழுப்பில் செறிந்துகொண்டே போகும். கடைசிப் படியில் நிற்பவர் அந்தக் கொழுப்பை உண்ணும் மனிதர் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். இல்லை, அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. அங்கே குழந்தை. கருவில் கொஞ்சம், பிறகு பாலில் அதிகம். வருடக்கணக்காகத் தாயின் உடலில் தேங்கியது பாலூட்டும்போது குறைகிறது. ஆகவே தலைப்பிள்ளைக்கே கூடிய பங்கு. இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நாங்கள் மேலே வாசிக்கவில்லை.

அவளுக்குச் சொல்வதா, விடுவதா? சொல்லாமல் விடுவது அவளையே குழந்தையாக்குவது. சொன்னால், பயந்து பாலை நிறுத்திவிடக்கூடும். தெற்கிலிருந்து வரும் பால்மாவோ விலை கூடியது, தாய்ப்பாலுக்கு ஈடுமல்ல. தொடர்ந்து ஊட்டுங்கள் என்றே மருத்துவர்கள் சொன்னார்கள். சரியான ஆலோசனைதான். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தனையோ கை மாறி வந்த நஞ்சு இது. புத்திமதி சொல்ல அகப்பட்டதோ கடைசிக் கை ஒன்றுதான்.

முதற் கைகளைப் பிடிக்க முடியாதென்றில்லை. இத்தகைய இரசாயனங்களுக்கு எதிரான ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை 2001இல் உருவாகி 2004இல் நடைமுறைக்கு வந்தது. பேச்சுவார்த்தைகள் நடந்தபோது, இனுயிற் பிரதிநிதிகள் கொடுத்த தாயும் சேயுமான சிறு சிற்பமொன்று தலைமை தாங்கியவரின் மேசையில் இருந்தது. நுனாவிக் தாய்மாரின் இரத்தத்தில் பீ.சீ.பீ. இன்று பெருமளவு குறைந்துவிட்டது. அந்த இடத்துக்கு இப்போது பீ.எஃப்.ஏ.எஸ். எனும் புளோரின் இரசாயனங்கள் வந்திருக்கின்றன. அவற்றுட் சில, கனடாவின் ஏனைய பெண்களைவிட நுனாவிக் கர்ப்பிணிகளிடம் அதிகம்.

எந்தக் கணக்கிலும் எங்களைப் பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் எழுதியே பழகிவிட்டோம், அகதிகளல்லவா. ஆனால் றெஸ்ரோறன்ற் குசினிகளில் நின்று, எண்ணெய் ஊறாத கடதாசிகளில் பொரியலைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தவர்கள் நாங்கள். அத்தகைய கடதாசிகள் பலவற்றில் இதே வகை இரசாயனம்தான் பூச்சு. முதலாளி வாங்கினார், நாங்கள் மடித்தோம், மிச்சம் குப்பைக்குப் போனது. அறியாமல்தான். அந்தத் தாயும் அறியாமல்தான். இரண்டும் ஒன்றென்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவளிடம் போய்ப் பால் கேட்டார்கள், இரத்தம் கேட்டார்கள், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். எங்கள் குசினிக்குள் வந்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.