அபராதமும் விலையும்

குற்றத்துக்கு அபராதம் கட்டிவிட்டால் குற்றம் தீர்ந்துவிடுமா? சட்டம் தீர்ந்தது என்று சொல்லக்கூடும். தர்மம் என்ன சொல்லும்?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலை எண்ணும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் எழுகிறது. பச்சைத் தோல் உப்பிட்டு வரும். உப்பைக் கழுவி, குரோமிய உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தக் கழிவுநீர் பாலாற்றிலும் கரையோர மண்ணிலும் இறங்கியது, கிணறுகள் கரித்தன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்று சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பே குறிப்பிடுகிறது.

அந்தத் தீர்ப்பு 1996 ஆகஸ்டில் வந்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதோடு நிற்கவில்லை. கெடுத்தவனே கொடுக்க வேண்டும். நஷ்டப்பட்டவருக்கு ஈடும், கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அவனுடைய பொறுப்பு என்றது கோர்ட்டு.

நல்ல விதிதான். ஆனால் மனித மனம் பொல்லாதது. 'கெடுத்தவன் கொடுக்க வேண்டும்' என்பதை அது மெல்லத் திருப்பி, 'கொடுப்பவன் கெடுக்கலாம்' என்று படித்துக்கொள்ளும். கழிவைச் சுத்திகரிக்கும் செலவைவிட அபராதம் குறைவாக இருந்தால், அது தண்டனையாக இராது. தண்ணீரைக் கெடுப்பதற்கு வாங்கிய அனுமதிச் சீட்டாகிவிடும். பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பார்கள். பாயட்டும், பாதாளத்திலுள்ள நீரின் கரிப்பை அது போக்குமா?

"தொழிற்சாலையை மூடினால் தொழிலாளி சோற்றுக்கு எங்கே போவான்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தொழிலாளியின் வீட்டுக் குடமும் அதே கிணற்றில்தானே இறங்குகிறது? அவன் கூலியை முன்னே நிறுத்தி அவன் குடிநீரைக் கெடுப்பது கருணையாகாது.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: தீங்கு வருமுன் தடுக்க வேண்டும், தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. இதுவே உயர்ந்த தர்மம் என்பேன். இதற்குத்தான் அதிகாரி தினந்தோறும் விழித்திருக்க வேண்டும். தீர்ப்பு எழுத ஒரு நாள் போதும். அதைக் காக்க ஒவ்வொரு நாளும் வேண்டும். காக்கத் தவறியதால்தான், 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே கோர்ட்டு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

அபராதத்துக்கு ரசீது கிடைக்கும். கடன் தீர்ந்ததா என்று அறிய, அந்தக் கிணற்று நீரை ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும்.