பருவந் தப்பிய வித்து

காலத்திற் செய்யத் தவறிய கருமம் பின்னர்ச் செய்யத்தக்கதோ, விடத்தக்கதோ என்னும் வினா உழவர்க்கு மாத்திரம் உரியதன்று. பிள்ளைகளிடத்தே கல்வி வித்திடுந் தொழில் பூண்ட ஆசிரியராகிய நமக்கும் உரியதேயாம். ஔவைப்பிராட்டியார் ஆத்திசூடியிலே பருவமறிந்து பயிரிடுமாறு விதித்தருளினர். அவ்விதியை நாம் ஆண்டுதோறுஞ் சிறுவர் வாயிற் பயிற்றி வருகின்றோம். ஆயின், பருவந் தப்பினோன் யாது செய்வது? அடுத்த பருவம் வருமளவும் கைகட்டியிருப்பதே அறமாமோ? இவ்வினாவை யாம் ஏட்டிற் கண்டு எழுப்பினோமல்லேம். மண்டைதீவிலே இரண்டு பரப்பு நிலத்தின் நடுவே மண்வெட்டியும் கையுமாக நின்றபொழுது அஃது எம்மை வந்து பற்றியது.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைத் தாண்டுவோர்க்கு மிக அணித்தாயுள்ளது மண்டைதீவு. ஆறொன்றும் இல்லாத இத்தீவில் நெற்செய்கை வான்மழையையே நம்பியது. ஆவணி புரட்டாதியில் உழுது விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளரவிட்டு, தை மாசியில் அரிவு வெட்டுதல் முறை. 1990 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே, வயல்கள் விதைப்பை நோக்கியிருந்த வேளையிற் போர் இத்தீவிற் புகுந்தது. பலர் மாண்டனர்; பலர் காணாமற் போயினர்; எஞ்சினோர் ஊரைவிட்டு அகன்றனர். 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தது. மீண்டு வந்தோர் உளர், வாராதொழிந்தோரும் பலர்.

எம்முன்னோர் செய்த தோட்டமும் அங்ஙனமே பற்றை படர்ந்து கிடந்தது. அதனைத் திருத்த வேண்டுமென ஆண்டுதோறும் எண்ணினோம். பரீட்சைப் பத்திரம், பாடசாலை விழா, உறவினர் சடங்கு என ஒவ்வொரு காரணங் காட்டி ஒழித்தோம். ஈற்றில் ஒருநாள் மண்வெட்டி கொண்டு சென்றபோது மார்கழி பிறந்திருந்தது. அயல் வயல்களிலே நெற்பயிர் இடுப்பளவு நின்றது. நாம் பிந்தியதற்குப் போரும் காரணமென்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை யாதெனின், முற்பகுதி போரினாற் போயிற்று. பிற்பகுதி எமது மடியினாற் போயிற்று. மண்ணோ இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

வேலிக்கு அப்பால் நின்ற முதிய உழவரொருவர் எம்மை நோக்கி, "நெல்லுக்குக் காலம் போட்டுது, வாத்தியார், நிலத்துக்குப் போகேல்லை. பயறு போடுங்கோ" என்றார். ஆத்திசூடிக்கு இத்துணைச் சிறந்த உரையை யாம் முன்னர்க் கேட்டிலேம். பருவம் என்பது ஒன்றன்று, பயிர்தோறும் வேறாம். மொட்டைக்கருப்பன் முதலிய நெடுநாள் நெற்கள் நான்கு மாதத்திற்கு மேலும் வேண்டுவன. பயறோ அறுபது எழுபது நாளிற் காய் முற்றும்; முளைக்கீரை ஒரு மாதத்திற் கறிக்கு உதவும். மழை ஓய்ந்த பின்னும் மண்ணில் எஞ்சும் ஈரமே பயற்றுக்குப் போதுமானது. அன்றியும், அதன் வேர்முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைக் கவர்ந்து தருதலின், அடுத்து வரும் பயிர்க்கும் அது நிலத்தை ஆயத்தஞ் செய்யும். ஆகவே ஔவையார் விதி பிந்தினோனைத் துரத்துவதன்று; எஞ்சிய காலத்திற்கு இசைந்ததைத் தெரிந்துகொள்ளென அவனுக்கு வழி காட்டுவதாம்.

பயறு விதைத்த அக்கிழமையிலேயே எம்மிடத்து ஒரு பிழை நிகழ்ந்தது. வன்னியிலிருந்து மீண்ட தாயொருத்தி தன் மகனை அழைத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தாள். அவனுக்கு வயது பதினைந்து. எழுத்துக் கூட்டி வாசிக்கவும் இடர்ப்பட்டான். வகுப்பிற் சேர்த்தற்கு வேளை கடந்துவிட்டதெனச் சொல்லி, ஆத்திசூடி வாக்கியத்தையும் எடுத்துக்காட்டி, யாமே அவர்களைத் திருப்பியனுப்பினோம். பதினாறு வயதளவும் கல்வி கட்டாயமென்னும் நாட்டுச் சட்டத்தை யாம் அறியாதவரல்லேம். அத்தாய் மறுத்தொன்றும் பேசாது, "சரி ஐயா" என்று மகனோடு படியிறங்கினாள். ஐந்தாம் நாள் தோட்டத்திற் பயறு இரண்டிலை விட்டு நின்றதைக் கண்டபோதுதான், எமக்கு அளிக்கப்பட்ட உரையை யாம் அப்பிள்ளைக்கு அளித்திலேம் என்பது உள்ளத்திற் தைத்தது. அன்று மாலையே அவர்கள் வீட்டை வினாவிச் சென்றோம். பையன் தாய்மாமனோடு கடற்றொழிலுக்குப் போகத் தொடங்கியிருந்தான். மாலைதோறும் எம்மிடம் வந்து படிக்குமாறு வேண்ட, இசைந்தான்.

பிந்தித் தொடங்குவோரை மற்றொரு பிழை காத்திருக்கும். இழந்த காலத்தை ஒருங்கே மீட்டுவிடும் ஆசையே அது. தை மாதத்தில் மழை நின்றதும், விளைவைப் பெருக்கும் வேட்கையால், நீரிறைக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கிக் கிணற்றில் வைத்தோம். தீவுகளில் நிலத்தடி நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் மிதப்பது. கடல்மட்டத்திற்கு மேல் அந்நன்னீர் ஓரடி நிற்குமாயின், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம் அது நிற்குமென்பது நூலோர் கணக்கு. மேலே ஓரடி குறையின், கீழிருந்து உவர்நீர் நாற்பதடி மேலெழ இடமுண்டாம். இதனை வகுப்பிற் கற்பிக்கும் யாமே இறைப்பிற் கருத்தூன்றி மறந்தோம். சில நாளிற் கிணற்று நீர் உவர்த்தது. அடுத்த வளவுக் கிணற்றிலும் அச்சுவை தென்பட்டது. நாணி, இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, வாளியால் அளந்து வார்க்கத் தொடங்கினோம்.

அப்பிள்ளையிடத்தும் யாம் செய்தது அதுவே. ஒன்பதாண்டுப் பாடத்தை ஒன்பது கிழமையிற் புகட்ட முயன்றோம். நான்காம் நாள் முதல் அவன் வருகை நின்றது. மீண்டுஞ் சென்று அழைத்துவந்து, நாளொன்றுக்கு ஒரு பக்கம் என அளந்து கொடுத்த பின்னரே கல்வி அவனுள் ஊறியது. கழிந்த காலத்தின் கடனை அயலார் நீரிலிருந்தும், பிள்ளையின் வலிமையிலிருந்தும் இறுக்கப் புகுதல் அறமன்று.

யாம் இளமையிற் கற்ற கிறிஸ்தவ வித்தியாசாலையில், திராட்சைத் தோட்டத்துக் கூலியாளர் கதையைச் சொல்லுவார்கள். பொழுது சாயும் வேளையில் வந்தவனும் விடியலில் வந்தவனோடு ஒத்த கூலி பெற்றான் என்பது அக்கதை. அது தலைவனது கருணையைக் காட்டும். மண்ணின் இயல்பைக் காட்டாது. நம் திருநாவுக்கரசு நாயனாரும் பிற சமயத்திலே தருமசேனர் என்னும் பெயரோடு நெடுங்காலம் நின்று, திலகவதியாரால் திருவதிகையில் மீண்டவரே. போன காலத்தை நினைந்து வருந்திய அப்பெருமான் அவ்வருத்தத்தோடு அமைந்தாரல்லர். உழவாரப்படையைக் கையிலேந்தி, திருக்கோயில் முன்றிலிற் புல்லைச் செதுக்கினார். அருள் அளவின்றிக் கிடைப்பினும் கை செய்யவேண்டிய தொழில் அன்றைய புல்லை அன்று செதுக்குதலே என்பது இதனாற் பெறப்படும்.

பிந்தினோர்க்கு இவ்வாறு இடங்கொடுப்பின் சோம்பல் வளராதோ எனின், வளராது. பிந்தியதற்குரிய தண்டத்தை நிலமே விதித்துவிடும். எமது இரண்டு பரப்பில் விளைந்த பயறு ஒரு கடகம் நிறையவில்லை. அப்பிள்ளையும் பரீட்சைக்குத் தோற்றவில்லை. அந்த நெற்பருவம் அவனுக்குப் போயிற்று. அதில் எமது பழியும் ஒரு பங்கு. நிலமும் காலமும் விதிக்குந் தண்டம் போதும். அதன்மேல் ஆசிரியர் தம் கையால் இன்னொன்று கூட்டவேண்டுவதில்லை. கடந்த சித்திரையில், வெளிநாட்டிலிருந்து தமையன் எழுதிய கடிதத்தை அவன் தாய்க்குத் தானே வாசித்துக் காட்டினானாம். அத்தாய் அதனை எமக்குச் சொல்ல வந்தபொழுது, கடகத்திலிருந்த பயற்றில் ஒரு பங்கை அவளுக்கு அளந்து கொடுத்தோம்.

ஆதலால், ஆசிரிய அன்பர்களே, உங்கள் வகுப்பு வாயிலிற் பிந்தி வந்து நிற்கும் பிள்ளையை நோக்கி, "காலம் போயிற்று" என்னுமுன், எதற்குரிய காலம் போயிற்று, எதற்குரிய காலம் எஞ்சியுள்ளது என எண்ணிப் பாருங்கள். எஞ்சியதற்கேற்ற வித்தைத் தெரிந்து, அளந்த நீர் வார்த்து வளர்க்க நம்மெல்லோர்க்கும் திருவருள் துணைநிற்பதாக.