நறுமணமும் நோன்பும்

சென்ற சதுர்த்தசியன்று உபவாசமிருந்தேன். பழைய பூசைச் சுவடி ஒன்றைத் தேடி, காலஞ்சென்ற என் இல்லாளின் மரப்பெட்டியைத் திறக்க நேர்ந்தது. பட்டுச் சேலையின் மடிப்பிடையே மல்லிகை அத்தர்ச் சீசா ஒன்று கிடந்தது. மூடி தளர்ந்திருந்தது போலும். மணம் எழுந்த அக்கணத்தில் எனக்கு வயது 76 என்பது மறந்துபோயிற்று. குந்தகுந்தாசாரியரின் திருவடி விளங்கும் பொன்னூர் மலைப் படிகளில், பூத்தட்டு ஏந்திய அவளுக்குப் பின்னே ஏறிச் சென்ற 24 வயது இளைஞனாக நின்றேன். கண்ணீரும் வந்தது.

பின்னரே ஐயம் பிறந்தது. உபவாச நாளில் மலரும் நறுமணமும் விலக்கத்தக்கவை என்று சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விதித்துள்ளார். நான் அத்தரைப் பூசவில்லை. மணம் தானே வந்தது. என் நோன்பு பழுதுற்றதா?

மணம் புத்கலத்தின் குணம். அதனை நன்மணம், தீமணம் என இரண்டாக வகுத்தனர் நம் ஆசாரியர்கள். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேலி எத்துணை மெல்லியது என்பதற்கு மல்லிகையே சான்று. அம்மலரின் மணத்தில் இண்டோல் என்னும் பொருள் உண்டு. மலத்தின் நாற்றத்திலும் அதே பொருள் உண்டு. சிறிதளவாயின் கூந்தலில் சூடுகிறோம், செறிந்தால் மூக்கைப் பொத்துகிறோம். விருப்பும் வெறுப்பும் நாம் ஏற்றிச் சொல்பவையே.

மணப்பொருள் செய்யும் முறைகளிலும் சிராவகர் கருதத்தக்கது உண்டு. பிரான்சு நாட்டின் கிராஸ் நகரில் முன்னாளில் பன்றி, மாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கண்ணாடித் தட்டில் தடவி, அதன்மேல் மல்லிகையைப் பரப்பி மணத்தைக் கவர்ந்தனர். நம் கன்னோசியிலோ மலர்களைச் செப்புக் கலத்தில் நீருடன் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது மரபு. என் கைச்சீசா இரண்டாம் வகையினது என்றே நம்புகிறேன். ஆயினும் மலரும் ஓரறிவுயிரின் உறுப்பன்றோ?

இனி, நினைவு குற்றமாகுமா? தத்துவார்த்த சூத்திரம் நினைவை மதிஞானத்தோடு சேர்த்தே எண்ணுகிறது. காட்சியும் ஒலியும் மூளையில் தலாமசு என்னும் இடைநிலையத்தைக் கடந்தே உணரப்படுகின்றன. மணமோ அவ்வழிக்குக் காத்திராமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளைச் சென்று தொடுகிறது என்று அறிவியலார் கூறுவர். எனவே எண்ணுமுன் வந்த அக்கண்ணீருக்காக என்னை நான் கடிந்துகொள்ளவில்லை.

கடிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. சீசாவை எடுத்து மீண்டும் மூக்கருகே கொண்டுபோனேன். முதல்முறை மணம் என்னிடம் வந்தது. இரண்டாம் முறை நான் அதனிடம் சென்றேன். அப்போது நான் வேண்டியது அவளையா என்றால், உண்மையில் என் இளமையையே வேண்டினேன். இளமை தோன்றி அழிந்த ஒரு பரியாயம். அதனை அன்று அனுபவித்த உயிரும் இன்று நினைக்கும் உயிரும் ஒன்றே என்று பிறர்க்கு எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறேன். மூடியைத் திருகும்போது அவ்வுரை ஒன்றும் கைகொடுக்கவில்லை.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், சீசாவை எறிந்துவிடுமாறு கூறினார். வெறுத்து எறிவதும் பற்றின் மறுபுறமே என எனக்குத் தோன்றியது. மறுநாள் பாரணைக்குப்பின், பாட்டியின் பொருள் ஏதேனும் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுவந்த பேத்தியிடம் அதனைக் கொடுத்தேன். கொடுக்குமுன் ஒருமுறை முகர்ந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.