கை நனைக்காமல் போனவர்

1989-இல் அக்கா கல்யாணத்துக்குப் பெரியப்பா வந்தார். 101 ரூபாய் மொய் எழுதினார். மணமக்களுக்குத் திருநீறு பூசிவிட்டார். பந்திக்குக் கூப்பிடப் போன சித்தப்பாவிடம், "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், நேரமாச்சு" என்று சொல்லிக் கை நனைக்காமல் கிளம்பிவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அவர் வீட்டில் ஆள் உண்டு என்பது பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் அண்ணன் தம்பிக்குள் ஆகாமல் போய்விட்டது ஊருக்கே தெரிந்துவிட்டது.

காரணம் பத்திரிகை. எங்கள் கொங்குப் பக்கத்தில் பங்காளி வீட்டுக்குப் புருஷன் பெண்டாட்டியாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த பண்ணையாளிடம், "வந்தாக் குடுத்துரு, நாங்க மறுபடி வர்றோம்" என்று கொடுத்துவிட்டு வந்தார்கள். கல்யாண அலைச்சலில் மறுபடி போகவில்லை. "ஆளுகிட்டக் குடுத்துட்டுப் போற அளவுக்கு நான் ஆயிட்டனா?" என்று பெரியப்பா ஊரில் நாலு பேரிடம் கேட்டார். கேட்க வேண்டிய ஒருவரிடம் மட்டும் கேட்கவில்லை.

அப்புறம் ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. கிணறு மட்டும் பொது, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. பேசாமல் எப்படி விவசாயம் செய்வது? அதற்கு எங்கள் வீட்டில் வழி இருந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "மடைய ஒழுங்கா அடைக்கத் தெரியாதா? என்ற தண்ணியெல்லாம் அங்க போகுது, போய்ச் சொல்லு" என்பார். அம்மா வேலி ஓரம் போய்ப் பெரியம்மாவிடம், "அக்கா, மடை லேசாக் கசியறாப்பல இருக்குதுங்க" என்பாள். பெரியம்மா அதை இன்னும் கொஞ்சம் மெத்தையாக்கி உள்ளே கொண்டுபோவாள் என்று நினைக்கிறேன். பதிலும் அதே வழியில்தான் வரும். ஆத்தாவோ வேறு ரகம். இரண்டு மகன்களும் காதில் வாங்கும் தூரத்தில் இருக்கும்போது எருமையைப் பிடித்துக்கொள்வாள். "ஒரே தொட்டியில தண்ணி குடிச்சுப்போட்டு இன்னிக்கு முட்டிக்கறயே, உனக்கு வெக்கமில்ல?" எருமை அசை போட்டுக்கொண்டிருக்கும்.

ரொம்ப நாள் கழித்து ஒரு நூலகத்தில், பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவைப் பற்றி எழுதிய ஆய்வைப் படித்தேன். 1978-இல் நீண்ட கட்டுரையாக வந்து, 1987-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் தனி நூலானது. அவர்கள் எடுத்துக்கொண்டவை மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், தமிழ். அந்தத் தமிழைக் கேட்டுப் பதிந்தது எங்கள் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில்தான் என்று பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஆத்தாவின் எருமைக்குக்கூட அதில் இடம் இருந்தது. சாடையாகச் சொல்லிவிட்டு, கேட்டால் நான் உன்னைச் சொல்லவில்லையே என்று நழுவிக்கொள்ள வழி வைத்திருக்கும் பேச்சு. அவர்கள் கணக்கில் ஒரு பேச்சின் கனத்துக்கு மூன்று கூறுகள்: இருவருக்கும் நடுவே உள்ள தூரம், யார் கை ஓங்கியது என்பது, கேட்கப்படும் காரியம் எவ்வளவு பெரியது என்பது. கனம் கூடக் கூடப் பேச்சு சுற்றி வளைக்கும். மிகவும் கனத்துவிட்டால் பேசாமலே விட்டுவிடுவோம்.

நல்ல கணக்குதான். ஆனால் அதில் பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். எங்கள் வீட்டில் எப்போதும் மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தார்.

1998 சித்திரையில் கிணற்று மோட்டார் புகைந்துபோனது. வாழை காய்ந்துகொண்டிருந்தது. அப்பா தொட்டி மேட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பெரியப்பா வந்து நின்று கிணற்றைப் பார்த்துக் கேட்டார்: "மோட்டாரு எத்தன எச்.பி.?" அது அவரே அப்பாவோடு கோயம்புத்தூர் போய் வாங்கிவந்த மோட்டார். "அஞ்சுங்கண்ணா" என்றார் அப்பா. அவ்வளவுதான். மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் சேர்ந்தே போனார்கள். மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் காலை மிதித்தால் முன்பின் தெரியாதவரிடம் 'சாரி' சொல்வோம், கூடப்பிறந்தவரிடம் எச்.பி. கேட்போம்.

இந்தக் கதையை நான் பல இடங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எதையும் முகத்துக்கு நேராகப் பேசித் தீர்க்கச் சொன்ன அலுவலக மேலாளர்களிடம், எங்களுக்கும் தீர்க்கத் தெரியும், முகத்தை முறிக்காமல் தீர்ப்போம் என்று வாதாடியிருக்கிறேன். அப்போதெல்லாம் கதையின் பின்பாதியைச் சொல்லமாட்டேன்.

அன்று ராத்திரி பெரியப்பா எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். இலை போட்டாயிற்று, ஆனாலும் ஏதோ தடுத்தது. ஒன்பது வருஷக் கோபத்துக்கு ஒரு காரணம் வேண்டும், அது இருவர் மேலும் இருக்கக் கூடாது. சித்தப்பாதான் எடுத்துக்கொடுத்தார்: "அந்த ஆளு அன்னிக்கே பத்திரிகையக் குடுத்து, மறுபடி வர்றாங்கன்னு சொல்லியிருந்தா இத்தன தூரம் வந்திருக்குமா?" எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஆளைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். அப்பாவை விட மூத்தவர். "தப்பு எம்மேலதானுங்க பண்ணாடி" என்றார். பெரியப்பா சோற்றில் கை வைத்தார்.

அந்தப் பண்ணையாள் பத்திரிகை கைக்கு வந்த அன்று சாயங்காலமே அதைக் கொடுத்துவிட்டார், சொல்லச் சொன்னதையும் சொல்லிவிட்டார். அப்பா காலமான பிறகு அம்மா இதைச் சொன்னாள். வாங்கியது பெரியம்மா. அண்ணன் தம்பி இருவருக்குமே அது தெரியும்.

சீனர்களிடம் முகத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு என்று ஆய்வாளர் ஹூ சியென் சின் 1944-இல் எழுதினார். 'மியென்சு' என்பது பணத்தாலும் பதவியாலும் வருவது. 'லியென்' ஒருவரின் ஒழுக்கத்துக்கு ஊர் தரும் மதிப்பு. நம்மிடம் கௌரவம், மானம் என்ற இரண்டு சொற்கள் ஏறக்குறைய அப்படி இருக்கின்றன. முகதாட்சண்யம் என்று நாம் சொல்வது முதலாவதைத்தான் பார்க்கிறது. அம்மாவும் பெரியம்மாவும் ஒன்பது வருஷம் வேலி ஓரத்தில் சொற்களைத் தணித்துத் தணித்துக் கடத்தினார்களே, அதற்கு எந்தப் பந்தியிலும் இலை விழவில்லை. அந்தப் பெரியவருக்கோ மானத்தையே எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மேலே இருப்பவர்கள் முகம் முறியாமல் ராசியாவதற்கு ஆகும் செலவைக் கீழே இருப்பவர் கணக்கில் எழுதுவதை நான் இனிப் பண்பாடு என்று சொல்லமாட்டேன்.

2003-இல் அந்தப் பண்ணையாளின் மகனுக்குக் கல்யாணம். மனைவியோடு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு எங்கள் வாசலில் நின்று பத்திரிகை வைத்தார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. மொய்யை ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினோம்.