அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்

மருத்துவரின் அறைக்குள் நோயாளி நுழையும் முன்பே மகனோ மருமகனோ ஓரெட்டு முன்னால் போய்ச் சொல்லிவிடுவார்: "டாக்டர், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவார்." சொல்பவர் அப்பாமீது உயிரையே வைத்திருப்பவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு அப்பாவை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுதான் என் கவலை.

இதை நம் ஊர் வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. 1961இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்களிடம் டொனால்ட் ஓக்கன் என்ற ஆய்வாளர் விசாரித்தபோது, புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே பத்தில் ஒன்பது பேர் விரும்பினார்கள். 1979இல் வேறொரு அமெரிக்க மருத்துவமனையில் அதே கேள்வி கேட்கப்பட்டது. 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவதே சரி என்றார்கள். நோயாளியின் உரிமை பற்றிய பேச்சு இடையில் வலுப்பெற்றிருந்தது. அதைவிட, 'உங்களுக்கு இன்ன நோய்' என்று சொன்ன கையோடு 'அதற்கு இன்ன சிகிச்சை இருக்கிறது' என்றும் சொல்ல முடிந்ததுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சிகிச்சை வளர்ந்த கதையை நம் ஊரிலேயே பார்க்கலாம். உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் இறக்கும்வரை அதையே வீடாகக் கொண்டிருந்தார். அவர் பணியைத் தொடங்கிய காலத்தில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் பெற்றோருக்குச் சொல்ல ஆறுதல்கூட இருக்கவில்லை. இன்று முழு சிகிச்சையும் கிடைக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. சில ஆண்டுகளே என்றிருந்த ஆயுள், பலருக்கு மற்றவர்களைப் போன்ற ஆயுளாக நீண்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் வைத்த காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்ததால், இந்திய நிறுவனங்களின் விலை குறைந்த மாத்திரை நம் நோயாளிகளுக்குத் தொடர்ந்து கிடைத்தது.

ஆனால் அந்த மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டியவர் நோயாளி. "சத்து மாத்திரைப்பா" என்று சொல்லிக் கொடுத்தால், உடம்பு தேறியதும் அவரே நிறுத்திவிடுவார். சத்து மாத்திரையை யார் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவார்கள்? மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். கீமோவிலும் இதே கதைதான். ஊசி போட்ட சில நாளில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகலாம். 100.4 டிகிரியைத் தொட்டால் அந்த ராத்திரியே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். தனக்கு என்னவென்று தெரியாதவர், பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமே என்று ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்.

என் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி. "கொழுப்புக்கட்டிதான், கரைக்க ஊசி போடுறாங்க" என்று அவரிடம் சொல்லியிருந்தோம். மருத்துவமனை வாசலில் அத்தனை பெரிதாக எழுதியிருக்கும் பலகையைப் படிக்கத் தெரியாதவரா அவர்? மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும் கூடத்தில் பக்கத்து நாற்காலிப் பெண்கள் எல்லாவற்றையும் பேசிக்கொண்டார்கள். வாய்ப்புண்ணுக்கு உப்புத்தண்ணீர், முடி கொட்டுவதற்கு முன்பே ஒட்ட வெட்டிக்கொள்வது, அடுத்து கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போது தோல் கறுப்பது என ஒவ்வொன்றும் அவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஊசிக்குப் போகும் நாளை அவர் எதிர்பார்த்துக் காத்திருந்ததை நான் கவனித்தேன். ஏன் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "அங்க போனாத்தான் வாய்விட்டுப் பேச முடியுது. இங்க நான் வந்து உக்காந்தா ஆளாளுக்கு டிவி சத்தத்தைக் கூட்டுறீங்க" என்றார். சீட்டுப்பணம் யாரிடம் எவ்வளவு நிற்கிறது, கிழக்குக் காட்டின் பட்டாவை யார் பெயருக்கு மாற்றுவது என்பதையெல்லாம் அவர் மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். அதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்பதல்ல என் கட்சி. கெட்ட செய்தியைச் சொல்வதற்கென்று மருத்துவர்களுக்கு ஒரு முறையே கற்றுத்தரப்படுகிறது. 2000இல் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மேன் முதலியோர் எழுதிய ஸ்பைக்ஸ் முறை அது. அதில் சொல்வதற்கு முன்னால் கேட்பது வருகிறது: உங்களுக்கு என்ன தெரியும்? இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? "எனக்கு எதுவும் வேண்டாம், மகனிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். நம் வீடுகளில் அந்தக் கேள்வியை நோயாளியிடம் யாரும் கேட்பதில்லை.

சிகிச்சை கைகொடுக்காத கட்டம் வந்தால் இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிறது. வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. அது எளிதாகக் கிடைப்பதற்காக 2014இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். வலியை அடக்கிவிட்டு மிச்ச நாளை வீட்டில் கழிப்பதா, மருத்துவமனையிலா, யாரைப் பார்க்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும்? தனக்கு என்னவென்றே தெரியாதவர் இதில் எதை முடிவு செய்வார்?

என் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு அப்படி ஒன்று வந்தால் மருத்துவர் அறைக்கு நான்தான் முதலில் போவேன், நீங்கள் பின்னால் வந்தால் போதும். பேரப்பிள்ளைகளுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மட்டும் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளலாம்.